வீடா, சானடோரியமா? சென்னை கண்ட விடை

குடும்பத்தில் ஒருவருக்குக் காசநோய் என்று மருத்துவர் கூறிவிட்டால், ஒரு காலத்தில் வீட்டார் முதலில் கேட்ட கேள்வி, ‘என்ன மருந்து?’ என்பதன்று, ‘எங்கே அனுப்புவது?’ என்பதே. மருந்தே இல்லாத காலத்தில் பிறந்த கேள்வி அது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் அக்கேள்வி நம்மை விட்டு முற்றிலும் அகலவில்லை. தில்லியில் சரோஜினி நகர் போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அது இன்று வேறோர் உருவில் எழுகின்றது. ‘ஊருக்கு அனுப்பிவிடலாமா?’ என்பதே அவ்வுருவம். இங்கே இரண்டு அறைகள் கொண்ட வீடு. அடுத்த வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். குழந்தைகளுக்குப் பற்றிக்கொள்ளுமோ என்ற கவலை. ஊரிலோ காற்றோட்டமான வீடும், பார்த்துக்கொள்ள மனிதரும் உண்டு. ஆகவே பயணச்சீட்டு வாங்கி நோயாளியை ரயிலேற்றிவிடுவதே நலம் என்று பலருக்கும் தோன்றுவது இயல்பே.

அது நலமா என்ற கேள்விக்கு விடை கூறுவதற்கென்றே நடத்தப்பட்டது போன்ற ஓர் ஆராய்ச்சி, 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நம் சென்னை நகரிலேயே நடைபெற்றது. உலகெங்கும் காசநோய் வைத்தியத்தின் போக்கை மாற்றிய ஆராய்ச்சி அது. அதன் வரலாற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

மருந்து தோன்றுமுன் காசநோய்க்கு வைத்தியமென்று இருந்தவை மூன்று: ஓய்வு, தூய காற்று, நல்ல உணவு. இம்மூன்றையும் ஓரிடத்தில் அளிக்கும் பொருட்டு எழுந்தவையே சானடோரியங்கள். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்னுமிடத்தில் 1915ஆம் ஆண்டு பாதிரிமார்களின் முயற்சியால் ஒன்று தோன்றியது. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரிமுத்து அவர்கள் ஒன்றை நிறுவினார். பின்னாளில் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அவ்விடத்து ரயில் நிலையத்துக்கே ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டதை நம்மில் பலரும் அறிவர். இத்தகைய நிலையங்களில் நோயாளிகள் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. அவர்களுட் சிலர் தேறினர், பலர் தேறவில்லை.

அந்த இடமும் எத்தனை பேருக்குக் கிடைத்தது? சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, அன்றைய பிரிக்கப்படாத இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் காசநோயால் மாண்டனர் என்றும், பிறருக்கு நோயைப் பரப்பும் நிலையில் 25 லட்சம் பேர் இருந்தனர் என்றும் மதிப்பிட்டது. இவர்களுக்கென இருந்த படுக்கைகளோ 6,000 அளவே. இக்கணக்கைப் பார்த்த எவருக்கும் ஓருண்மை விளங்கும்: எல்லோரையும் ‘அனுப்புவதற்கு’ இடமே கிடையாது. இதனை உணர்ந்துதான் 1940ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புது தில்லி காசநோய் மையம், நோயாளியை வீட்டிலேயே வைத்து முறையாகக் கண்காணிக்கும் திட்டமொன்றை வகுத்து நடத்தியது. ஆயினும் அது வேறு வழியின்மையால் மேற்கொண்ட ஏற்பாடாகவே கருதப்பட்டது. சானடோரியம் முதல் தரம், வீடு இரண்டாம் தரம் என்ற எண்ணத்தில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இந்நிலையில்தான் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில், வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அதே காலத்தில் ஸ்வீடன் நாட்டில் லேமன் என்பவர் ‘பாஸ்’ என்னும் மருந்தைக் கண்டறிந்தார். 1952ஆம் ஆண்டு ஐசோனியாசிட் புழக்கத்துக்கு வந்தது. இது மாத்திரையாக விழுங்கக்கூடியது. விலையோ மிகவும் மலிவு.

தமிழர்க்கு இவ்வாண்டுகளில் மறக்கவொண்ணாத ஆண்டு 1948. திரைப்பட வேலையின் பொருட்டுப் புனே சென்றிருந்த புதுமைப்பித்தன், அங்கே காசநோய் முற்றி, அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 42. அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில்தான் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தின் பயனை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் அறிக்கை வெளியாயிற்று.

அவ்வறிக்கை நம் வரலாற்றுக்கு மிகவும் முக்கியமானது. மருந்து போதிய அளவில் கிடைக்காமையால், யாருக்குக் கொடுப்பது என்ற சங்கடம் எழுந்தது. புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் இதற்கு ஒரு வழி கூறினார். அவர் தாமே இளமையில் காசநோயால் வருந்தியவர். மருத்துவரின் விருப்பப்படியும் அன்று, நோயாளியின் செல்வாக்குப்படியும் அன்று. திருவுளச்சீட்டுப் போல் தற்செயல் முறையில் நோயாளிகளை இரு பிரிவாக்க வேண்டும் என்பதே அவ்வழி. 55 பேருக்கு ஓய்வுடன் மருந்தும் கிடைத்தது. 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் முதற்பிரிவில் 4 பேரும், இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்திருந்தனர். மருந்தின் ஆற்றல் வெளிப்படையாயிற்று. ஆனால், நாட்கள் செல்லச் செல்ல மருந்து பெற்றவர்களிடமும் நோய் மீண்டும் தலைதூக்கியது. தனியொரு மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதனை எதிர்த்து நிற்கப் பழகிவிடுகின்றன என்ற பாடம் அப்போதே கிடைத்தது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றுக்கு இரையாகும். இதுவே பின்வந்த மருந்து முறைகள் அனைத்துக்கும் அடிப்படை.

‘மருந்து முறை’ என்ற சொற்றொடர் பற்றி, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒரு வார்த்தை கூறலாம். எந்தெந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளுக்கொரு முறை, எத்தனை மாதம் என்னும் நான்கும் அதில் அடக்கம். நான்கில் ஒன்று மாறினாலும் முறை மாறிவிடும். ஆகையால் ஒரு முறையை மற்றொன்றுடன் ஒப்பிட வேண்டுமானால், ஏனையவற்றையெல்லாம் சமமாக வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதில் மனிதர் கை புகலாகாது. சோழர் காலத்தில் உத்திரமேரூர் மக்கள் ஊர்வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் ஓலையிட்டு எடுத்தார்களே, அதற்குக் காரணம் என்ன? வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடு தேர்வைக் கெடுத்துவிடலாகாது என்பதுதான். மருத்துவ ஒப்பீட்டிலும் அதுவே காரணம்.

இந்த ஒப்பீட்டு முறையைக் கொண்டு நம் நாட்டின் கேள்விக்கு விடை காணும் பொருட்டு, 1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைவராய் அமர்ந்தார். அவரோடு பணியாற்றியவருட் பெரும்பாலோர் நம் நாட்டு மருத்துவரும், செவிலியரும், புள்ளியியலாளரும், ஆய்வுக்கூடப் பணியாளருமே ஆவர்.

அம்மையம் எடுத்துக்கொண்ட முதற்கேள்வி மிகவும் எளியது. ஒரே மருந்து முறையை, ஒரே காலத்துக்கு, ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றொரு பிரிவினர் சானடோரியத்திலும் உட்கொண்டால், வேற்றுமை எவ்வளவு? பாஸும் ஐசோனியாசிடும் சேர்ந்த மருந்து, நாள்தோறும், ஓராண்டுக் காலம். நோயாளிகளோ சென்னை நகரின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த ஏழை மக்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பது தற்செயல் முறையில் முடிவாயிற்று.

இரு பிரிவினரின் நிலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சானடோரியம் சென்றவர்க்குப் படுக்கை, ஓய்வு, சத்துள்ள உணவு, செவிலியர் கையால் மருந்து. வீட்டில் இருந்தவர்க்கோ குறுகிய அறை, குடும்பத்தாரின் நெருக்கம், குறைந்த உணவு. சிலருக்கு வேலைக்குப் போகவேண்டிய கட்டாயம். பாஸ் மருந்து வயிற்றைப் புரட்டும் இயல்பினது. அதனை நாள்தோறும் தாமே நினைவு வைத்து விழுங்கவேண்டிய பொறுப்பும் அவர்களைச் சார்ந்தது. இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்க, முடிவு எவ்வாறு இருக்கும் என்று எவரும் ஊகித்துவிடலாம் அல்லவா?

அவ்வூகம் பொய்த்தது. 1959ஆம் ஆண்டு வெளியான அறிக்கையின்படி, ஓராண்டு முடிவில் சளியில் கிருமியின்றி நோய் அடங்கியவர்கள், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். இவ்வேற்றுமை மிகச் சிறியது. சானடோரியத்தில் இருந்தவர்கள் உடல் எடை கூடுதலாகப் பெற்றனர் என்பது மெய். எனினும் கிருமியை ஒழிப்பதில் அவ்வெடை பெரிதாக உதவவில்லை. உணவைப் பற்றித் தனியே ஆராய்ந்து டாக்டர் சி. வி. ராமகிருஷ்ணனும் அவர்தம் துணைவரும் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும், தக்க மருந்து உள்ளவிடத்து உணவுக் குறைவு குணத்தைத் தடுக்கவில்லை என்றே கூறியது. ஐந்தாண்டுகள் வரை இந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1966ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கிலும் இரு பிரிவினரும் ஏறக்குறையச் சமமாகவே நின்றனர்.

இதனினும் முக்கியமானது, வீட்டில் உடனிருந்தவர் நிலை. நோயாளியை வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்கு நோய் பரவுமே என்பதன்றோ பேரச்சம்? அதையும் ஆராய்ந்து 1960ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டனர். வீட்டில் வைத்தியம் பெற்றவர்களுடைய குடும்பத்தாருக்கு, சானடோரியம் சென்றவர்களுடைய குடும்பத்தாரைக் காட்டிலும் நோய் கூடுதலாக வரவில்லை. காரணம் யாதெனில், நோய் பெரும்பாலும் பரவுவது வைத்தியம் தொடங்குமுன். இன்ன நோய் என்று அறியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில். மருந்து தொடங்கியபின் பரப்பும் ஆற்றல் விரைந்து குன்றிவிடுகின்றது. ஆகவே, குழந்தைகளைக் காப்பது நோயாளியைத் தொலைவுக்கு அனுப்புவதனால் அன்று. நோயைக் காலத்தே கண்டு மருந்தைத் தொடங்குவதனால்தான்.

இம்முடிவைத் தவறாகப் பொருள் கொள்ளுதல் கூடாது. உணவு வேண்டாம் என்று சென்னை ஆராய்ச்சி கூறவில்லை. மருந்து இருக்கும்போது குணமடைவதற்கு உணவை எதிர்பார்த்து நிற்க வேண்டுவதில்லை என்றே கூறியது. நோய் வராமல் தடுப்பதில் உணவின் பங்கு பெரிது என்பதை, ஜார்க்கண்டில் நடத்தி 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துள்ள உணவுப் பொருள்களை அளித்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுதல் ஏறத்தாழ நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. குணப்படுத்துவது மருந்து, காப்பது உணவு என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

வீடு போதும் என்று தெளிந்தபின் அடுத்த கேள்வி எழுந்தது. வீட்டில் மருந்தை ஒழுங்காக உட்கொள்வார்களா? டாக்டர் ஃபாக்ஸ் இதனைப் பெரிதாகக் கருதினார். மையத்தின் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சியிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே சென்றதா என்று கண்டனர். உடல் தேறிய உணர்வு வந்தவுடன் மருந்தை நிறுத்திவிடும் மனித இயல்பு அவர்கள் கண்முன் வெளிப்பட்டது. ஏழைக்கும் செல்வனுக்கும், படித்தவருக்கும் படிக்காதவருக்கும் பொதுவான இயல்பு அது.

ஆகவே மருந்து முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பணி தொடர்ந்தது. ஐசோனியாசிடை மட்டும் கொடுக்கும் முறைகள், பாஸுடன் சேர்ந்த முறைக்குத் தாழ்ந்தன என்று கண்டனர். ஆயினும் அவற்றுள்ளே ஒரு நுட்பம் வெளிப்பட்டது. ஒரு நாள் மருந்தைக் காலையும் மாலையும் பிரித்துக் கொடுப்பதைவிட, முழுவதையும் ஒரே வேளையில் கொடுப்பதே மேலான பயன் தந்தது. அப்படியாயின் வாரத்துக்கு இரு முறை மட்டும், பெரிய அளவில், செவிலியர் கண்முன் கொடுத்தால் என்ன? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிடும் சேர்த்து இவ்வாறு கொடுத்துப் பார்த்தனர். நாள்தோறும் தாமே உட்கொள்ளும் பழைய முறைக்கு இது சற்றும் தாழவில்லை என்று 1964ஆம் ஆண்டில் அறிவித்தனர். வாரம் ஒரு முறையாக அதனை மேலும் நீட்டியபோதோ பயன் குறைந்தது. சிலர் உடல் ஐசோனியாசிடை விரைந்து செயலிழக்கச் செய்துவிடும். அத்தகையோரிடம் வார முறை மிகுதியும் தோற்றது. இடைவெளிக்கும் ஓர் எல்லை உண்டு என்பது தெளிவாயிற்று.

சென்னை அளித்த முதல் விடையை அடிப்படையாகக் கொண்டே 1962ஆம் ஆண்டு தேசிய காசநோய்த் திட்டம் தொடங்கியது. மாவட்டந்தோறும் மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து என்பது அதன் அமைப்பு. பிற நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின. சானடோரியங்களின் காலம் மெல்ல முடிந்தது. 1960ஆம் ஆண்டுகளின் நடுவில் தோன்றிய ரிஃபாம்பிசின், வைத்தியக் காலத்தை ஓராண்டுக்கும் மேற்பட்டதிலிருந்து ஆறு மாதமாகக் குறைக்க வழிசெய்தது. இதனை மெய்ப்பித்த கிழக்கு ஆப்பிரிக்க ஒப்பீடுகளிலும், சென்னையிலிருந்து லண்டன் திரும்பிய ஃபாக்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

1993ஆம் ஆண்டு முதல் சோதனையாகத் தொடங்கி, 2006ஆம் ஆண்டில் நாடு முழுதும் பரவிய திருத்திய திட்டத்தில், வாரம் மும்முறை நேரில் பார்த்து மருந்து கொடுக்கும் முறை வழங்கியது. அதுவும் நிலையான முடிவாகிவிடவில்லை. 2017ஆம் ஆண்டு நாடெங்கும் நாள்தோறும் உட்கொள்ளும் முறைக்கு மாறினர். எச்.ஐ.வி. தொற்றும் உடைய காசநோயாளிகளிடம் வாரம் மும்முறை என்பது நாள்தோறும் என்பதற்குத் தாழ்ந்தது என்று, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஒப்பீடு 2018ஆம் ஆண்டு எடுத்துக்காட்டியது. சேத்துப்பட்டில் பிறந்த அந்தப் பழைய மையமே இன்று இப்பெயரில் விளங்குகின்றது. தான் தொடங்கிவைத்த இடைவெளி முறைக்குத் தானே எல்லை கண்ட பெருமை அதற்கு உண்டு. நான்கே மாதத்தில் குணப்படுத்த முயன்ற ஓர் ஒப்பீட்டையும், நோய் மீளுதல் மிகுந்தமையால் நிறுத்தி, அதனை 2013ஆம் ஆண்டு ஒளிவுமறைவின்றி வெளியிட்டது அந்நிறுவனம். விரும்பிய விடை வராதபோதும் வந்த விடையைக் கூறுவதன்றோ ஆராய்ச்சி?

இன்று புதிதாக நோயுற்றவருக்கு வழங்கும் முறை இது: முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எதாம்பியூட்டால் என நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு நீங்கலாக ஏனைய மூன்று. எடைக்கேற்ற அளவில் கூட்டு மாத்திரைகளாக நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். மருந்துகளை எதிர்த்து நிற்கும் கடிய காசநோய்க்கும் ஆறு மாத முறையொன்று 2024ஆம் ஆண்டு நம் நாட்டில் ஏற்கப்பட்டது. முன்னர் அதற்கு 20 மாதம் வரையில் வேண்டியிருந்தது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும், மும்பையிலும், கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் வீட்டில் ஒருவருக்கு இந்நோய் கண்டால், ஊருக்கு அனுப்பலாமா? அனுப்புவதனால் வரும் பெரிய இடர், இங்கே தொடங்கிய மருந்து வழியிலே அறுந்துபோவதுதான். ரயிலில் இரண்டு நாள், ஊரில் உறவினர் வருகையில் நான்கு நாள், அங்குள்ள மருத்துவமனையைத் தேடுவதில் ஒரு வாரம் என்று நாட்கள் கழியும். மருந்து நின்ற நாட்களில் கிருமி ஓய்ந்திருப்பதில்லை. ஊரின் காற்றும் உறவின் அன்பும் மனத்துக்கு இதமளிக்கும். ஆனால் கிருமியை அழிப்பது அவை அல்ல என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே சென்னையின் நெருக்கடியான வீடுகள் மெய்ப்பித்துவிட்டன. அவ்வீடுகளில் ஆகிய காரியம் சரோஜினி நகரிலும் ஆகும்.

திருமணமோ, மரணமோ, வேலை மாற்றமோ நேர்ந்து போய்த்தான் ஆகவேண்டும் என்றால், சொல்லிவிட்டுப் போகலாம். அரசாங்கத்தின் காசநோய்த் திட்டத்தில் மருந்து இலவசம். ஒவ்வொரு நோயாளிக்கும் ‘நிக்ஷய்’ என்னும் பதிவில் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைக் கொண்டு வேறு மாநிலத்து மையத்துக்கு வைத்தியத்தை மாற்றிக்கொள்ளலாம். புறப்படுமுன் மையத்தில் தெரிவித்து, மாற்றுச் சீட்டும் பயண நாட்களுக்குப் போதிய மாத்திரைகளும் கேட்டுப் பெற வேண்டும். மொழி தெரியாமை ஒரு தடையாக இருந்தால், தெரிந்த ஒருவர் உடன் செல்லலாம். புதிதாக வந்த இளைஞர்களுக்கு நாம் வாடகை வீடு தேடித் தருகின்றோம், வேலைக்கு வழிகாட்டுகின்றோம். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அவரைச் சளிச் சோதனைக்கு அழைத்துச் செல்வதும் அத்தகைய உதவியே. ஆறு மாதமும் ‘இன்று மாத்திரை ஆயிற்றா?’ என்று நாள்தோறும் கேட்கும் ஒருவர் அருகில் இருந்தால், நோயாளி இருக்கும் வீடே அவர் குணமடைவதற்குப் போதுமான இடமாகும்.